உப்புப் பூத்த பலகை

ஜெலாப்பாங் சாலையில் இருக்கும் நம் பட்டறைக்கு இந்த மாதம் புதிதாக வந்திருக்கும் மூவருக்கும் இதை எழுதுகிறேன்.

நாளையோடு எனக்கும் இந்தப் பட்டறைக்கும் உள்ள வேலை முடிகிறது. எனக்கு வயது இருபத்தாறு. இந்த வயதில் ஒருவன் "தொழிலிலிருந்து ஓய்ந்தவன் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் சிரிப்பு வரும், சிரித்துக்கொள்ளுங்கள். போன மழைக்காலத்தில் மரம் செதுக்கும் வாச்சி வழுக்கி, என் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போய்விட்டன. உளி பிடித்தால் நிற்பதில்லை. எஸ்டேட் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போகிறேன். சுண்ணக்கட்டி பிடிக்க மூன்று விரல் போதும்.

நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏன் அண்ணே, பலகைய அறுக்கிறதுக்கு முன்னால பொண்ணு பாக்கப் போன மாதிரி ஊரு என்ன, குலம் என்னன்னு விசாரிச்சுக்கிட்டே இருக்கீங்களே, எதுக்குலா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இழைப்புளியை எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது.

நாம் செய்வது பழைய மரத்தில் வெளிவிளக்குக் கூடு. நாலு சட்டம், நாலு கண்ணாடி, மேலே புகை போக ஒரு தகரக் கூரை, உள்ளே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஈப்போ பங்களாக்களில் தோட்டத்து மரத்தில் மாட்டுவதற்கு, ஆணி ஓட்டை தெரியவேண்டும், இழைப்புளி படவே கூடாது, பார்த்தால் காட்டிலிருந்து எடுத்து வந்தது போல் இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். எஸ்டேட்டில் நாங்கள் அழகுக்காகவா அப்படிச் செய்தோம்? வேறு மரம் இல்லை, செய்தோம். செய்முறையை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராதது மரத்தின் பழைய கதை. அதை விசாரித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

விசாரிக்காமல் நான் செய்த சின்னத் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்த முதல் வருஷம். ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, இங்கே தவுக்கே என்பார்கள், தன் வீட்டு வாசலுக்கு நாலு கூடு கேட்டார். அவருடைய பழைய சுரங்கத்தில் தண்ணீர் ஓடிய வாய்க்கால் பலகைகள் குவிந்து கிடந்தன. கல் மாதிரி கனம். நல்ல மரம் என்று அதிலேயே செய்தேன். வருஷக்கணக்காகத் தண்ணீர் குடித்த மரம் அது. இரண்டு வாரம் நல்ல வெயில் அடித்ததும் சுருங்கி, சட்டம் பிளந்து, கண்ணாடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தவுக்கே உடைந்த துண்டுகளைத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். கோபமே இல்லாத முகத்தோடு, "உங்க விளக்கு எச்சி துப்புது. கண்ணாடி எச்சி," என்றார். புதிதாகச் செய்துகொடுத்தேன். அவரும் போகிற வழியில் இன்னும் என்னைப் பார்த்தால் துப்புவது போல் வாயைக் குவித்துக் காட்டிவிட்டுத்தான் போவார்.

அது சரிசெய்யக்கூடிய தவறு. இனிச் சொல்வது அப்படிப்பட்டதல்ல.

இங்கே வருவதற்கு முன்னால் நான் சிலிம் ரிவர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் தச்சுக் கொட்டகையில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசற்படி ஏறிய முதல் ஆள் நான்தான். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும். அவ்வளவுதான் படிப்பு. ஆனால் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் அது பெரிய படிப்பு. ஊரிலிருந்து வரும் கடுதாசிகளை நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொல்வேன். யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எல்லாம் முதலில் என் வாய் வழியாகத்தான் போகும். பெரிய ஆட்கள்கூட என் முன்னால் குந்தி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து. இங்கிலீஷில் ரயில் ஸ்டேஷன் பலகைகளைப் பார்த்துச் சில எழுத்துகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். தைப்பிங் என்று எழுதியிருந்தால் அது தைப்பிங் என்று தெரியும், அந்த ஊருக்கு முன்பே போயிருப்பதால். இது யாருக்கும் தெரியாது. "தம்பி இங்கிலீஷும் படிப்பான்" என்று அம்மா குழாயடியில் சொல்லி வைத்திருந்தாள். நான் மறுக்கவில்லை.

கொட்டகைக்குத் தலைவர் ஒரு பெரிய ஆசாரி. கைவேலையில் கெட்டிக்காரர், வாய் கொஞ்சம் கரடு. மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று கங்காணி சொல்லி அனுப்பினார். பெண்கள் விடிவதற்கு முன்னால் பால் கறந்துவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடவேண்டும். இருட்டில் இரண்டு பேர் மாட்டிடம் உதை வாங்கியிருந்தார்கள். கூட்டுக்கு ஏற்ற பலகை இல்லை. பெரிய ஆசாரி எஸ்டேட் ஸ்டோருக்குப் பின்னால் போட்டுக் கிடந்த பெட்டிகளில் இரண்டை, யாரையும் கேட்காமல், தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

நல்ல வெள்ளை மரம். முடிச்சே இல்லை. பலகைகளின் உள்பக்கத்தில் மட்டும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நான் விரலால் சுரண்டிப் பார்த்தேன்.

"என்ன அண்ணே இது?"

"உப்புடா. கப்பல்ல வந்த பெட்டி. கடல் காத்து சும்மா விடுமா? நான் நாகப்பட்டணத்துல கப்பல் ஏறி பினாங்குல எறங்குறப்ப என் தகரப் பெட்டிகூட இப்படித்தான் பூத்துக் கெடந்துச்சு."

லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். எல்லோரும் கப்பலில் வந்தவர்கள். கப்பலில் வந்த எதன்மீதும் உப்பு பூக்கும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்த விஷயம். ஆனாலும் அவர் ஒரு தடவை கேட்டார். அதை நான் மறைக்கமாட்டேன், அவர் கேட்டார். பெட்டியின் வெளிப்பக்கம் சிவப்பு மையில் பெரிய எழுத்தில் ஒரு வார்த்தையும், அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரியும் அச்சடித்திருந்தது.

"என்ன எழுதியிருக்கு, படி."

நான் பார்த்தேன். அதில் இரண்டு மூன்று எழுத்துகளை ஸ்டேஷன் பலகையில் பார்த்திருக்கிறேன். சேர்த்து என்ன சத்தம் வரும் என்று தெரியவில்லை. பக்கத்தில் மரம் அறுக்கும் வாளைத் தீட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"கப்பல் பேரு அண்ணே," என்றேன்.

"பாத்தியா, நான்தான் சொன்னேனே," என்று பெரிய ஆசாரி வாளை எடுத்தார்.

கெட்டி மரத்தில் ஒரு கால் நட்டு, அதைச் சுற்றி அந்தப் பலகைகளை அறைந்து, நெஞ்சு உயரத்தில் விளக்குக் கூட்டை உட்கார வைத்தோம். பெண்களுக்கு எட்டவேண்டும் அல்லவா. பூத்த பக்கம் பார்வைக்கு நன்றாக இருந்ததால் அதை வெளியே வைத்தோம். காலின் கீழே ஓர் இரும்பு வளையம் அடித்தால் கறக்கும்போது மாட்டை அங்கேயே கட்டிக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னது யார் என்று கேட்டால், நான். பெரிய ஆசாரி என் முதுகில் தட்டினார். "படிச்ச மூளை."

இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் அங்கம்மா தன் மாட்டைக் கட்டிக் கறந்தாள். அங்கம்மா புருஷனை இழந்தவள். மரம் வெட்டிவிட்டு வந்து, பால் விற்று, இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். செவலை மாடு, சினையாக இருந்தது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டதால் அவிழ்த்துக் கட்டாமல் அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மத்தியானம் அவள் வந்தபோது மாடு கால் மடங்கிக் கிடந்தது. வாயில் நுரை, பின்னால் நீராகக் கழிச்சல். முனகல் லயம் முழுக்கக் கேட்டது. சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் அது செத்துப்போனது. கறந்து வைத்த பாலை மண்ணில் கொட்டச் சொல்லிவிட்டார் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர்.

"விஷம்," என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். சொல்லும்போதே எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்பியது.

சின்னான் அண்ணன் லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். வீட்டுக்குப் பின்னால் கீரையும் மரவள்ளியும் போட்டிருந்தார். அங்கம்மாவின் மாடு இரண்டு தடவை வேலியை உடைத்து மேய்ந்திருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் குழாயடியில், எல்லோர் காதிலும் விழ, "இன்னொரு தடவ வந்துச்சுன்னா மாடு நடந்து திரும்பாது, பாத்துக்க," என்று சொல்லியிருந்தார். அங்கம்மாவும் விடவில்லை: "ஒன் கீரையத் தின்னா மாடு தானாவே செத்துரும்லா." அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். இதற்கெல்லாம் மேலே, அவர் அந்த மாதம் லாலாங் புல்லுக்கு மருந்து தெளிக்கும் கூட்டத்தில் இருந்தார். அந்த மருந்து பட்டால் புல் வேரோடு சாகும்; மாடு குடித்தாலும் சாகும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்டோரில் கரைத்து வாளியில் ஊற்றித்தான் அவர்களுக்குக் கொடுப்பார்கள். அது எந்தப் பெட்டியில் வருகிறது என்பதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

நானும் கூட்டத்தோடு மாட்டைப் பார்க்கப் போனேன். மாட்டைப் பார்த்துவிட்டு விளக்குக் காலைப் பார்த்தேன்.

மேல் பாதியில் உப்பு முன்னைவிட அதிகமாகப் பூத்திருந்தது. மழை உள்ளே இருந்ததை வெளியே இழுத்திருந்தது. கீழ்ப் பாதியில், மாட்டின் வாய் எட்டும் உயரத்தில், ஒரு துளி உப்பு இல்லை. பலகை நக்கி நக்கி மினுமினுத்தது. நாக்கு போன வழி மரத்தில் கோடு கோடாகத் தெரிந்தது.

அது கடல் உப்பு இல்லை என்று எனக்குப் பட்டது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. செத்த மாட்டையும், தள்ளி நின்ற சின்னான் அண்ணனையும்தான் பார்த்தார்கள்.

நேரே பெரிய ஆசாரியிடம் போனேன். சொன்னேன். கப்பல் பேர் என்று நான் சொன்னது பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை. பலகையைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"பெட்டிய எடுத்தாந்தது நான். கேக்காம எடுத்தாந்தேன். தெரிஞ்சா திருட்டும்பாங்க. எனக்கு நாலு புள்ள இருக்கு."

"சின்னான் அண்ணன அடிச்சிருவாங்க போல இருக்கு அண்ணே."

"அடிக்கமாட்டாங்க. நாளைக்குக் கோயில்ல கற்பூரம் அணைக்கச் சொல்லியிருக்கு. அவன் செய்யலன்னா அணைச்சிட்டுப் போறான். அதோட முடிஞ்சிரும். நீ வாய மூடிக்கிட்டு இரு."

எங்கள் எஸ்டேட்டில் அதுதான் வழக்கம். ஒருவன்மேல் பழி வந்தால் அம்மன் கோயில் படியில் கற்பூரம் ஏற்றுவார்கள். செய்யாதவன் உள்ளங்கையால் அதை அடித்து அணைக்கவேண்டும். செய்தவனுக்குக் கை துணியாது என்பது நம்பிக்கை. மறுநாள் பெரட்டு முடிந்ததும் ஏற்றினார்கள். சின்னான் அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார். "நான் வைக்கல. ஆத்தா சத்தியமா வைக்கல," என்று சொல்லி, சுடரின்மேல் கையை வைத்து அழுத்தினார். அவசரப்படவில்லை. கையை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். கற்பூரம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நான் சொல்வது எல்லோருக்கும் கேட்டிருக்கும். தம்பிகளா, நான் ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பெரிய ஆசாரிக்கு நாலு பிள்ளைகள் என்பது ஒரு காரணம். அதை நான் முன்னால் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருந்தது வேறு. சொன்னால், "நீ படிச்சுப் பாத்தியே, என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்பார்கள். அதற்கு நான், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லவேண்டும். அம்மாவும் அங்கே நின்றிருந்தாள்.

கற்பூரம் அணைந்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன்.

அங்கம்மாவின் தம்பி காளிமுத்துவுக்கு அம்மன்மேல் பக்தி இருந்தது. சின்னான் அண்ணன்மேல் நம்பிக்கை இல்லை. "கையில கரியத் தடவிக்கிட்டு வந்து அணைச்சான்," என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்று மத்தியானம் கித்தாப் பால் நிறுக்கும் கொட்டகையில், வாளி தூக்கும் காண்டாக் கம்பை எடுத்து அடித்தான். சின்னான் அண்ணன் தலையைக் காக்கக் கையைத் தூக்கினார். வலது மணிக்கட்டு போயிற்று. மரம் வெட்டுகிற கத்தியைப் பிடிக்கிற கை. காலையில் கற்பூரம் அணைத்த அதே கை.

அதற்கு அப்புறம்தான் நான் ஓடினேன். கொட்டகையில் மிச்சம் இருந்த, சிவப்பு எழுத்து உள்ள பலகையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரெஸர் சின்னான் அண்ணன் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்ததும் கட்டை விட்டுவிட்டு எழுந்தார்.

"இத எங்க எடுத்த? தொட்ட கைய மொதல்ல கழுவு."

"என்ன எழுதியிருக்குங்க?"

"என்ன எழுதியிருக்கா? நீதானே லயத்துக்கே கடுதாசி படிக்கிறவன்?" அவர் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"இங்கிலீஷ் தெரியாதுங்க."

"விஷம்னு போட்டிருக்கு. லாலாங் மருந்துப் பெட்டி."

சின்னான் அண்ணன் படுத்தபடியே என்னைப் பார்த்தார். வாரத்துக்கு ஒரு கட்டுக் கீரை கொண்டுவந்து கொடுத்து, தன் அக்காளிடமிருந்து வரும் கடுதாசியை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்பவர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லயத்துக்குத் தெரிந்தது. விளக்குக் காலைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அங்கம்மா ஒரு சட்டியில் கஞ்சி கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தாள். அவர் தொடவில்லை. மறுநாளும் வைத்தாள். காளிமுத்து மூன்று நாள் பெரட்டுக்கு வரவில்லை. பெரிய ஆசாரி என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அம்மா மட்டும், "தெரியலன்னு சொன்னா என்னடா, யாரு சிரிச்சிருப்பா?" என்றாள். யாருமே சிரித்திருக்கமாட்டார்கள் என்பது எனக்கும் அப்போது தெரிந்துவிட்டது.

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். கப்பல் பேர் உள்பட. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரி, போ. துரைகிட்ட சொல்றேன்," என்றார்.

ஒரு கையால் மரம் வெட்ட முடியாது. மாதக் கடைசியில் சின்னான் அண்ணனுக்குச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேறு எஸ்டேட்டில் வேலை கேட்டால் அந்தச் சீட்டைத்தான் முதலில் காட்டச் சொல்வார்கள். தைப்பிங் பக்கம் ஓர் எஸ்டேட்டில் காவல் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போவதாக இருந்தார். நான் அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எஸ்டேட் வாசல்வரை போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாசலில் மாட்டுவண்டிக்காக நின்றபோது மடியிலிருந்து சீட்டை எடுத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு பாரு," என்றார். அப்புறம், "தெரிஞ்சா சொல்லு," என்றார்.

டைப் அடித்த நாலு வரி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையில் என் கண் நின்றுவிட்டது. அந்த மாதம் முழுக்கத் தூக்கத்திலும் நான் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை. சிவப்பு மையில் இல்லை, அவ்வளவுதான்.

இதையும் நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். வண்டி வந்துகொண்டிருந்தது.

"முழுசாத் தெரியல அண்ணே. ஒரு வார்த்தை மட்டும் தெரியுது."

"என்ன?"

"அந்தப் பெட்டியில இருந்த வார்த்தை."

அவர் சீட்டை வாங்கித் தானே ஒரு தடவை பார்த்தார். "வா," என்று திரும்பி நடந்தார். வண்டிக்காரர் கூப்பிட்டதைக் கவனிக்கவில்லை.

கிராணி எங்களைப் பார்த்ததும் எழுந்து கதவைச் சாத்தினார். "துரைகிட்ட நீங்க சொல்லலையா?" என்று நான் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "சொன்னேன். விஷப் பெட்டிய ஏன் புதைக்கலன்னு மேலிடத்துலருந்து கேள்வி வந்தா யாரு பதில் சொல்றது? மாட்டுக்கு எவனோ விஷம் வச்சான்னு இருந்துட்டா யாருக்கும் கேள்வி இல்ல. 'வச்சான்'னு எழுதல. 'சந்தேகம்'னுதான் எழுதியிருக்கு. சின்னான், நான் வெறும் வேலைக்காரன், எனக்கும் மேலே ஆளு இருக்கு."

"இதக் கொண்டுபோனா யாருங்க வேலை குடுப்பா?" என்றார் சின்னான் அண்ணன்.

"வேணாம்னா வச்சிட்டுப் போ."

சீட்டு இல்லாமல் போனால், எங்கிருந்து ஓடி வந்தாய் என்று கேட்பார்கள். சீட்டோடு போனால், விஷம் வைத்தவன் என்பார்கள். அவர் கட்டுப் போட்ட கையால் அதை மேசைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் நாலாக மடித்தார். என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சுக்க. படிக்கத் தெரிஞ்சதும் படி."

வண்டி போய்விட்டிருந்தது. பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். கூட வர வேண்டாம் என்றார்.

அடுத்த மாதம் எனக்கும் சீட்டுக் கிழித்தார்கள். கிராணி அதைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமல், "உனக்கு நல்லபடியா எழுதியிருக்கேன். ஈப்போவுக்குப் போ, பொழச்சுக்குவ," என்றார். அந்தச் சீட்டைக் காட்டித்தான் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். அதையும் அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது.

இங்கே வந்து, நான் தங்கியிருந்த கடைவீட்டில் இருந்த ஒரு குமாஸ்தாவிடம் சாயங்காலங்களில் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சின்னான் அண்ணன் சீட்டில், மாட்டுக்கு விஷம் வைத்ததாகச் சந்தேகத்துக்கு உள்ளானவர், சண்டைக்காரர், என்று இருந்தது. என் சீட்டில், நாணயமானவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர், என்று இருந்தது.

தைப்பிங்குக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தேன். ஒரு கை விளங்காத ஆள் சந்தையில் கீரை விற்பதாக ஒருவர் சொன்னார். மழையில் சந்தை முழுக்கத் தேடினேன். கீரை விற்றவர்கள் எல்லோருக்கும் இரண்டு கையும் விளங்கின.

நம் பட்டறை மரக்குவியலுக்கு மேலே சுவரில் ஆணியடித்து, எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பலகையை மாட்டியிருக்கிறேன். பழுப்பேறிப் போனது, சிவப்பு எழுத்து பாதி அழிந்தது. பூத்திருந்ததை எல்லாம் சுரண்டி, மூன்று கோட்டு வார்னிஷ் அடித்தாகிவிட்டது. இனி அது யாரையும் ஒன்றும் செய்யாது. நான் போனபிறகும் அதைக் கழற்ற வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். பெட்டி மரம் எது வந்தாலும் அதைக் கொண்டுபோய் அந்தப் பலகைக்குக் கீழே வைத்து எழுத்தை ஒத்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்த மரம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கிருந்து வந்தது என்று கொண்டுவந்தவரைக் கேளுங்கள். உப்பு என்று சொன்னால், எந்த உப்பு என்று கேளுங்கள். பொண்ணு பார்க்கிற மாதிரி விசாரிக்கிறான் என்று சிரித்தால், சிரிக்கட்டும்.

உங்கள் மூவரில் இருவர் பள்ளிக்கூடம் போனவர்கள் என்று முதலாளி சொன்னார். போன வாரம் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டபோது மூவருமே தலையை ஆட்டினீர்கள். தெரியும் என்பது போலவும் இருந்தது, தெரியாது என்பது போலவும் இருந்தது. நானும் அதற்குமேல் கேட்கவில்லை. அது என் தப்பு.

நாளைச் சாயங்காலம் வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன். தெரியாதவர்கள் வந்து, தெரியவில்லை அண்ணே என்று சொல்லுங்கள். படித்துக் காட்டிவிட்டுப் போகிறேன்.